ஸ்ட்ரெஸ் காட்டற வாட்ச் – நாலு மாசம் கட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு அனுப்பற வரைக்கும் பாத்துக்கற வேலைல, இருக்கறேன்ங்க, பத்து வருசம் ஆச்சு. ஷிப்மெண்ட் டேட் நெருங்கினா எங்க பொழப்பு எப்படி இருக்கும்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். போன வருசம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்குதுன்னு டாக்டர்கிட்டப் போனேன், ஈசிஜி எல்லாம் நல்லாத்தான் இருக்குது, டென்ஷனக் கொறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எப்படிக் கொறைக்கறது, எப்ப வருதுன்னே தெரியலயேன்னுதான் இந்த வாட்ச்ச வாங்கினேன். 2,800 ரூபா, ஆன்லைன்ல.

மொதல்ல இது என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா வாங்கறப்ப எனக்கும் இது புரியல. மனசுக்குள்ள இருக்கற கவலய எல்லாம் இது அளக்காது. அடில பச்ச லைட் எரியுதுல்ல, அது தோலுக்குள்ள ரத்தம் ஓடறதப் பாத்து துடிப்ப எண்ணுது. நிமிசத்துக்கு அறுபது தடவ துடிச்சா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கரெக்டா ஒரு செகண்டுன்னு நெனைப்போம், அப்படிக் கெடையாது, கொஞ்சம் கூடும், கொஞ்சம் கொறையும். நாம ஆசுவாசமா இருந்தா அந்த ஏத்த எறக்கம் ஜாஸ்தியா இருக்கும், ஒடம்பு சண்டைக்கு நிக்கற மாதிரி முறுக்கிக்கிட்டா கொறஞ்சுடும். அத வச்சுத்தான் நூத்துக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் போடுது, நம்பர் கூடினா ஸ்ட்ரெஸ் ஜாஸ்தின்னு அர்த்தம். அதனால மாடிப்படி ஏறினாலும் ஏறும், காப்பி குடிச்சாலும் ஏறலாம், காய்ச்சல் வந்தாலும் ஏறும்.

இதுல பெரிய கொறை ஒண்ணு இருக்குது. எங்கப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணி ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருந்தேன், வாட்ச் 31, ரிலாக்ஸ்னு காட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. கொழுந்தனார் கல்யாணத்துல சிரிச்சுப் பேசிக்கிட்டு ஓடியாடித் திரிஞ்சேன், அன்னைக்கு 79. அதனால நம்பரப் பாத்து சந்தோசப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

ஆனா ஒரு வாரத்துக் கிராஃப சேத்து வச்சுப் பாத்தப்பத்தான் வாங்கினது வீண் இல்லன்னு தோணுச்சு. துணிக்குச் சாயம் போடற டையிங்காரங்களோட கத்தற நேரம், தரம் பாக்கற க்யூசி ரிஜெக்ட் பண்ற நேரம் எல்லாம்தான் மோசமா இருக்கும்னு நெனச்சிருந்தேன். அதுல எல்லாம் ஏறி உடனே எறங்கிடுது. எறங்காம நிக்கறது ராத்திரி ஒம்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும். எங்ககிட்ட சரக்கு வாங்கற பையர் ஐரோப்பால, அங்க சாயந்திரம் அஞ்சுன்னா நமக்கு கோடைல எட்டரை, குளிர்காலத்துல ஒம்பதரை, அவங்க ஆபீஸ் முடிக்கறப்ப போடற மெயில் எல்லாம் நான் கொழந்தைக்கு சோறு ஊட்டறப்பத்தான் வந்து விழும். பதில் போடாட்டியும் படிச்சாலே ஒடம்பு முறுக்கிக்குது, அதோட படுத்தா தூக்கம் எங்க வரும். மேனேஜர்கிட்ட இந்தக் கிராஃபயே காட்டிப் பேசினேன், இப்ப ஒம்பது மணிக்கு மேல அவசரம்னா மட்டும் போன் பண்ணுவாங்க, மெயில காலைலதான் பாக்கறேன். ரெண்டு வாரத்துலயே ராத்திரி கோடு எறங்கிடுச்சு.

இன்னொண்ணு அந்த மூச்சு ஆப்ஷன். ஒரு வட்டம் விரிஞ்சு சுருங்கும், கைல லேசா அதிரும், நாலு செகண்ட் இழுத்து ஆறு செகண்ட் விடணும், அப்ப நிமிசத்துக்கு ஆறு மூச்சு. போன மாசக் கடைசில நேவி ப்ளூ துணி ரெண்டு ரோல் ஷேடு, அதான் நெறம், ஒத்து வரல, நெறம் ஒப்பிட்டுப் பாக்கற லைட் பாக்ஸ்ல வச்சுப் பாத்தா நல்லாவே தெரியுது, கட்டிங் காலைல ஆரம்பிக்கணும். கையெல்லாம் நடுங்குச்சு. செக்கிங்ல இருக்கற அக்கா பாத்துட்டு “ஏங்கண்ணு மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது, உக்காரு சாமி”ன்னு ஸ்டூலப் போட்டாங்க. அஞ்சு நிமிசம் அந்த வட்டத்தப் பாத்தே மூச்சு விட்டேன். மூச்சு இழுக்கறப்ப துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடறப்ப மெதுவாகும், அதனாலதான் விடறத நீட்டச் சொல்றாங்க. ஷேடு மாறலதான், ஆனா போன எடுத்து டையிங்ல நிதானமாப் பேச முடிஞ்சுது. இதுக்கு வாட்ச்சே வேணும்னு இல்ல, செவுத்துக் கடிகாரத்துல முள்ளப் பாத்தும் பண்ணலாம், எனக்கு ஞாபகப்படுத்த ஒண்ணு வேணும், அவ்வளவுதான்.

தூக்கமே இல்லாம, சாப்பாடு எறங்காம, வாழவே பிடிக்கலங்கற அளவுக்குப் போனா தயவுசெஞ்சு இந்த மாதிரி வாட்ச்ச நம்பி உக்காந்திருக்காதீங்க. 14416க்கு கூப்பிடுங்க, 2022 அக்டோபர்ல கவர்மெண்ட் ஆரம்பிச்ச டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், காசு கெடையாது, இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

மத்தபடி, ஸ்ட்ராப் எனக்கு ஒத்துக்கல, வேர்வைல கை செவந்து அரிச்சுது, 150 ரூபாய்க்கு துணி ஸ்ட்ராப் மாத்தினேன். ஸ்ட்ரெஸ்ஸ நாள் பூரா ஆன்ல வச்சா சார்ஜ் நாலு நாள்தான். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு வெரல் மேல தள்ளி, கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க, தொளதொளன்னு இருந்தா கண்டபடி காட்டும்.