பழைய காரின் ஏசி: கேஸ் ஏற்றுவதா, கசிவைப் பிடிப்பதா, கம்ப்ரசரையே மாற்றுவதா?

பெட்ரோலைப் போல ஏசி கேஸ் ஓடஓடத் தீர்கிற சரக்கு இல்லை. கம்ப்ரசர் அழுத்தித் தள்ள, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப்போவது உண்டுதான். ஆனால் போன கோடையில் நன்றாகக் குளிர்ந்த கார் இந்தக் கோடையில் வெறும் காற்று வீசினால், எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது குற்றம் கேஸ் பக்கமே இல்லை. இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் "கேஸ் இறங்கிடுச்சு, ஏத்திடலாம்" என்று ஆரம்பிப்பதால்தான் ஒரே காருக்கு ஒரே வேலை மூன்று முறை நடக்கிறது.

குளிர் உருவாகவில்லையா, உருவான குளிர் கெடுகிறதா?

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களில் தடித்ததைத் தொட்டுப் பாருங்கள். அது ஜில்லென்று வியர்த்திருந்தும் வென்ட்டில் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது என்றால் கேஸைத் தொடவே வேண்டாம். குளிர்ந்த காற்றில் ஹீட்டரின் சூடு கலக்கிறது.

உறுதி செய்ய ஒரு சுலபமான வழி: ஹீட்டர் கோருக்கு (எஞ்சினின் சுடுநீரால் கேபினைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டருக்கு) போகும் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றி, ஹோஸ் கிளாம்பால் இறுக்கி அடையுங்கள். ஐந்து நிமிடத்தில் வென்ட் குளிர்ந்தால் ஹீட்டர் வால்வு மூடவில்லை, அல்லது டாஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவான பிளெண்டு டோர் நடுவழியில் நின்றுவிட்டது. வெறும் பிளையரால் நசுக்காதீர்கள். வயதான ஹோஸ் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

பிளெண்டு டோரை ஆட்டும் ஆக்சுவேட்டருக்குள் இருப்பது சின்ன பிளாஸ்டிக் கியர். பல் ஒன்று உடைந்தால் ஏசி போடும்போதெல்லாம் டாஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று சத்தம் கேட்கும். இங்கே வழிகள் இரண்டு. ஆக்சுவேட்டரை மாற்றலாம், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று ஸ்க்ரூ வேலை, எட்டாத இடத்தில் இருந்தால் அரை நாள். அல்லது கதவைக் குளிர்ப் பக்கமாக நிரந்தரமாகக் கட்டிவைத்துவிடலாம். இரண்டாவது வழி கோடைக்குச் சரி; மழைநாளில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டச் சூடான காற்று வராது. அதனால் கட்டிவைப்பதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே எண்ணலாம். ஆக்சுவேட்டரை மாற்றிய பிறகு சில கார்களில் கதவின் இரு எல்லைகளையும் அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சர்வீஸ் மேனுவலில் முறை இருக்கும். அதைச் செய்யாமல் விட்டால் புதுப் பாகமும் பழையபடியே நடந்துகொள்ளும்.

டாப் அப்பா, காலி செய்து எடை போட்டு ஏற்றுவதா?

குற்றம் கேஸ் பக்கம்தான் என்று தெரிந்தால், அடுத்த சண்டை இங்கே. டாப் அப் என்பது இருக்கிற கேஸின் மேல், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விடுவது. முழு சர்வீஸ் என்பது இருப்பதை மெஷினால் உறிஞ்சி எடுத்து, பம்பால் உள்ளே வெற்றிடமாக்கி (வேக்கம் பிடித்து), பானெட்டுக்குள் ஒட்டிய லேபிளில் போட்டிருக்கும் கிராம் அளவை எடை போட்டு ஏற்றுவது.

டாப் அப்பின் பலவீனம் கேஜிலேயே இருக்கிறது. எஞ்சின் நின்று, எல்லாம் ஆறிப்போன நிலையில் ஆர்-134ஏ (பெரும்பாலான பழைய கார் ஏசிகளில் ஓடும் கேஸ்) அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் சுமார் 97. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். எஞ்சினை ஓட்டிப் பார்த்தாலும் வெளி வெப்பம், ஃபேன் வேகம், எஞ்சின் வேகம் எல்லாம் முள்ளை ஆட்டும். 450 கிராம் கொள்ளும் காரில் 100 கிராம் தவறினால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதிகமாகப் போனாலும் குளிர் குறையும்; ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) அழுத்தம் ஏறி கம்ப்ரசர் திணறும். குளிரவில்லை என்று மேலும் மேலும் ஏற்றி, ஏற்றியதாலேயே குளிராமல் போன கார்கள் ஏராளம்.

அந்த ஆறிய அழுத்தத்துக்கு வேறொரு பயன் உண்டு. இரவு முழுக்க நிழலில் நின்ற கார், வெப்பம் 30 டிகிரி, முள் மட்டும் 120 பிஎஸ்ஐ காட்டுகிறது என்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. டாப் அப்பால் இதைச் சரிசெய்யவே முடியாது.

வேக்கம் ஏன் அவசியம்? காற்றை வெளியேற்ற மட்டுமில்லை, ஈரத்தைக் கொதிக்கவைத்து விரட்டவும். கடல் மட்டத்தில் 29 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்கம் பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். 27 அங்குலத்தில் நின்றுவிடும் பழைய பம்பால் அது முடியாது. குறைந்தது 30 நிமிடம், மழைக்காலத்தில் 45 நிமிடம் ஓடவிட்டு, வால்வை மூடி, பம்பை நிறுத்தி, 15 நிமிடம் முள்ளையே பாருங்கள். முள் நகர்ந்தால் கசிவு. ஈரம் உள்ளே தங்கினால் ஏசி நன்றாகக் குளிர்ந்து இருபது நிமிடத்தில் நின்றுவிடும், காரை நிறுத்திவிட்டு வந்தால் மறுபடி குளிரும். கேஸைக் கூலிங் காயிலுக்குள் அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் பனிக்கட்டி அடைப்பதன் விளைவு அது.

டாப் அப்பை எதிர்ப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் ஆயில். கம்ப்ரசருக்குத் தனி ஆயில் டேங்க் இல்லை. கேஸோடு சேர்ந்து சுற்றும் ஆயில்தான் அதன் உயிர். கசிவு வழியே கேஸோடு ஆயிலும் போகிறது. கேஸை மட்டும் மூன்று வருடம் நிரப்பிக்கொண்டே வந்தால் நான்காம் வருடம் கம்ப்ரசர் இறுகிப்போனால் வியப்பில்லை.

அதற்காக டாப் அப் அறவே கூடாது என்றில்லை. இரண்டு, மூன்று கோடை தாங்கி மெல்லக் குறைந்த கார், இன்னும் ஒரு வருடத்தில் விற்கப்போகிற கார் இவற்றுக்கு அது நியாயமே. இரண்டு மாதத்தில் குளிர் போனால் மட்டும் மறுபடி டாப் அப் கேட்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது கேன் ஹோஸை லோ சைடில் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்தில்) மட்டுமே மாட்ட வேண்டும். ஹை சைடு அழுத்தம் கேனுக்குள் திரும்பினால் கேனே வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் குனியாதீர்கள்.

கசிவை அடைக்கும் திரவம் கலந்த கேன்களைத் தவிர்ப்பதே நல்லது. அந்தத் திரவம் ஓட்டையில் மட்டும் இறுகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்விலும் இறுகும், அடுத்து கேஸ் உறிஞ்ச வரும் மெஷினுக்குள்ளும் இறுகும்.

கசிவைத் தேட எது?

சோப்பு நுரை பெரிய கசிவுக்குப் போதும். யூவி டை மெதுவான கசிவுக்குக் கெட்டி: கேஸோடு விட்டு ஓரிரு வாரம் ஓட்டிவிட்டு யூவி டார்ச் அடித்தால், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், ஹோஸும் அலுமினியமும் சேரும் கிரிம்ப், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஓரம் எங்காவது பச்சையாக மினுங்கும். சர்வீஸ் போர்ட்டின் மூடியைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். டயரில் இருப்பதைப் போன்ற அந்த வால்வுக் கட்டைதான் பல நேரம் திருடன். அளவில் மிகச் சிறிய பாகம் என்பதால் கடைசியில்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

டையின் குறை, டாஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும் கூலிங் காயிலைக் காட்டாது. அங்கே எலெக்ட்ரானிக் டிடெக்டர்தான். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். எனவே இணைப்புகளின் மேலே அல்ல, அடியில் நுனியை நகர்த்த வேண்டும். காயிலுக்கு, தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் வைத்துப் பாருங்கள். கேஸ் முழுவதும் போய்விட்ட காருக்கு நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவில் ஏற்றி நுரை போடுவது மற்ற இரண்டையும்விடச் சுத்தமான வழி. கம்ப்ரஸ்டு காற்று வேண்டாம். ஈரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும்.

கிளட்ச்சா, கம்ப்ரசரா?

கம்ப்ரசர் சுற்றவில்லை என்றாலே கம்ப்ரசர் போய்விட்டது என்று தீர்ப்பெழுதுவது அவசரம். காலையில் குளிரும், அரை மணி ஓடியதும் குளிர் போகும், எஞ்சின் ஆறினால் திரும்ப வரும் என்றால் சந்தேகம், பெல்ட் சுற்றும் புல்லியோடு கம்ப்ரசரைக் காந்தத்தால் இணைக்கும் மேக்னெட்டிக் கிளட்ச்சின் மேல்தான். தேய்மானத்தால் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. சூடேறிய காயிலின் காந்த இழுப்பும் குறைந்துவிட்டது. குளிர் நின்ற அந்த நேரத்திலேயே காயில் கனெக்டரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்ச். வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலே, பிரஷர் ஸ்விட்ச் பக்கம் போங்கள்.

எஞ்சினை அணைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் பெரும்பாலான கிளட்ச்களில் இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; 0.8க்கு மேல் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தால் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டி, மறுபடி அளந்து, கையால் சுற்றும்போது தட்டு உரசாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கேஸைத் திறக்கவே வேண்டியதில்லை. வாஷரே மிச்சமில்லை, அல்லது காயிலின் ரெசிஸ்டன்ஸ் 3 முதல் 5 ஓம் என்ற வழக்கமான அளவைவிட்டு வெகுவாக விலகுகிறது என்றால் கிளட்ச் செட்டை மாற்றலாம். கிளட்ச்சே இல்லாத, எப்போதும் சுற்றும் கம்ப்ரசர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே முதல் சந்தேகம் கன்ட்ரோல் வால்வு.

லோ சைடு அழுத்தம் உயர்ந்தும் ஹை சைடு தாழ்ந்தும் இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. அப்போதுதான் புதியதா, ரீகண்டிஷனா, பழைய காரிலிருந்து கழற்றியதா என்ற கேள்வி எழ வேண்டும். கழற்றியதை வாங்கும்போது பார்க்க வேண்டியது போர்ட் மூடிகள். மூடியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த கம்ப்ரசர் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். ஆர்-134ஏ கம்ப்ரசர்களில் ஓடும் பிஏஜி ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். ரீகண்டிஷனில் ஷாஃப்ட் சீலையும் பேரிங்கையும் மாற்றினார்களா, வெறும் பெயின்ட் வேலையா என்பதை எழுத்தில் கேளுங்கள். பாகம் கிடைக்கிற காருக்குப் புதியதே சரி. ஏனென்றால் கம்ப்ரசர் தவறினால் வீணாவது கம்ப்ரசர் மட்டுமில்லை. வேக்கம், கேஸ், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் இரண்டாம் முறை.

மாட்டும்போது ஆயில் கணக்கு முக்கியம். பழையதில் உள்ள ஆயிலை அளவுக் குவளையில் வடித்து அளங்கள். புதியதில் சில நேரம் முழு சிஸ்டத்துக்குமான ஆயிலை நிரப்பியே அனுப்புவார்கள். அப்படியே மாட்டினால் மிகுதி ஆயில் கூலிங் காயிலில் படிந்து குளிரைத் தின்னும். பிஏஜி 46, 100, 150 என்பவை வெவ்வேறு தடிமன். லேபிள் சொல்லும் வகையை மட்டும் ஊற்றுங்கள். பெல்ட் போடுவதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் பத்து சுற்றாவது சுற்றி, உள்ளே தேங்கிய ஆயிலை விலக்க வேண்டும்.

கழுவுவதா, மாற்றுவதா?

வடித்த ஆயில் தெளிவாக இருந்தால் கண்டென்சர் தப்பியது. கறுத்து, வெளிச்சத்தில் வெள்ளித் தூள் மினுங்கினால் கம்ப்ரசர் தன்னையே அரைத்து எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டது. ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய வகைக் கண்டென்சரைக் கழுவலாம். பல மெல்லிய தட்டைக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடும் வகையைக் கழுவ முடியாது. கழுவும் திரவம் அடைபடாத குழாய்கள் வழியே சுலபமாகப் போய்விடும், தூள் அடைபட்ட குழாயிலேயே இருக்கும். அந்த வகையை மாற்றுவது தவிர வழியில்லை. கூடவே எக்ஸ்பான்ஷன் வால்வு, ரிசீவர் டிரையர், எல்லா ஓ ரிங்கும். எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் எந்தக் காலத்திலும் கழுவி மாட்டக் கூடாது.

கூலிங் காயில் ஓட்டை என்றால் டாஷ்போர்டு இறங்க வேண்டும். அத்தனையையும் கழற்றிவிட்டுப் பழைய காயிலுக்குப் பற்றவைப்பது தவறான சிக்கனம். அரித்த அலுமினியம் பக்கத்திலேயே மறுபடி துளைக்கும். பல கார்களில் ஹீட்டர் கோர் அதே பெட்டிக்குள்தான் இருக்கும். அது ஏற்கெனவே அடைபட்டிருந்தால் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

ஆட்டோ பேனலும் புளோயரும்

காற்றை வீசும் புளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடினால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. அதை மாற்றும்போதே கேபின் ஃபில்டரையும், கனெக்டர் உருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மோட்டார் இறுகிச் சுற்றினால் புது ரெசிஸ்டரும் எரியும்.

ஆட்டோ கிளைமேட் கன்ட்ரோலில் 24 வைத்தாலும் காற்று நின்றபடி இல்லாமல் கூடிக் குறைந்தால், பேனலைக் குறை சொல்லும் முன் டாஷ்போர்டில் சின்ன ஜன்னல் போலிருக்கும் கேபின் சென்சாரைப் பாருங்கள். அதன் வழியே காற்றை இழுக்கும் குழாய் தூசியால் அடைத்தாலோ கழன்றாலோ, சென்சார் டாஷ்போர்டின் சூட்டையே கேபின் சூடு என்று நம்பும். பட்டன் ஒத்துழைக்காமல் திரை பாதி மங்கும் பேனல்களில் பெரும்பாலும் சால்டர் விரிசல்தான். மறுபடி சால்டர் வைப்பது, அதே வயதுடைய இன்னொரு பழைய பேனலை வாங்குவதைவிட மேல்.

ஆர்-12 கார்களுக்கு மட்டும்

1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் விலக்கப்பட்ட ஆர்-12 கேஸில் ஓடிய கார்களுக்கு மூன்று பேச்சு அடிபடும். எரியும் தன்மையுள்ள கலவை கேஸ் நன்றாகக் குளிரும்தான்; ஆனால் கூலிங் காயில் இருப்பது நீங்கள் மூச்சுவிடும் காற்றுப் பாதையில். அது வேண்டாம். அப்படியே ஆர்-134ஏ ஏற்றுவதும் தவறு. பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காமல் தேங்கிவிடும், கம்ப்ரசர் காயும். மினரல் ஆயிலை முடிந்தவரை வடித்து, எஸ்டர் ஆயில் விட்டு, டிரையரையும் ஓ ரிங்குகளையும் மாற்றி, சர்வீஸ் போர்ட் அடாப்டர் போட்டு, பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம் ஏற்றுவதே முறை. குளிர் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும். முடித்ததும் புதுக் கேஸின் பெயர், கிராம், ஆயில் வகை மூன்றையும் எழுதி பானெட்டுக்குள் ஒட்டுங்கள். அடுத்து கேஜ் மாட்டுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.