காருக்குத் தடித்த எர்த் வயர் போட்டால் பலன் உண்டா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. என்னுடையது ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய பழைய 1500 சிசி பெற்றோல் கார். 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் வேறு கார் வாங்கும் எண்ணத்தை விட்டேன். இருப்பதை ஒழுங்காக வைத்திருப்போம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான், பற்றரியின் நெகட்டிவ் முனையை என்ஜினோடும் காரின் பொடியோடும் (body) இணைக்கும் எர்த் வயருக்கும் வந்தேன்.

பற்றரி புதிது. ஆனாலும் காலையில் ஸ்டாட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றும். ஏசி விசிறி ஓடத் தொடங்கும்போது ஹெட்லைட் ஒருமுறை மங்கும். ஸ்டாட்டரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். தெமட்டகொடையில் எனக்குப் பழக்கமான இலெக்ட்ரீஷியன் மட்டும், "கழற்ற முதல் எர்த்தை அளந்து பாப்பம் அண்ணே" என்றார்.

அவர் செய்தது இவ்வளவுதான். மல்டிமீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை என்ஜின் உடம்பில் துருவில்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்டாட்டர் சுற்றும் அந்த நேரத்தில் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. என் காரில் 0.7ஐத் தாண்டியது. ஓம் அளவீட்டில் இது பிடிபடாது. பத்து இழை அறுந்து ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் கிட்டத்தட்ட பூச்சியம்தான் காட்டும். பெரிய கரண்ட் ஓடும்போது பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

என்ஜின் மின்சாரம் கடத்தாத ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்டாட்டருக்குப் போகும் நூறு, நூற்றைம்பது அம்பியரும் பற்றரிக்குத் திரும்ப அந்த எர்த் வயரையும் பின்னல் பட்டையையும்தான் நம்பியிருக்கிறது. பழைய வயரின் உறையைக் கீறிப் பார்த்தோம். வெளியே பழுதே தெரியவில்லை. உள்ளே செம்பு பச்சைத் தூளாகிக் கிடந்தது.

25 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செம்பு கேபிள் வாங்கி, அதன் முனைகளில் வெள்ளீயம் பூசிய லக்குகளை (போல்ட்டில் மாட்டும் வளையங்களை) ஹைட்ரோலிக் கருவியால் நசுக்கி, சூட்டில் சுருங்கி இறுகும் பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க் உறை போட்டோம். பொடியில் போல்ட் இறுக்கும் இடத்தில் பெயின்ற்றை உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். உண்மையான வேலை இந்தச் சுரண்டலும் இறுக்கலும்தான். வயரின் தடிப்பு அடுத்த விஷயம். மீற்றர் 0.1க்குக் கீழே வந்தது. ஸ்டாட்டர் அன்றே துடிப்பாகச் சுற்றியது, லைட் மங்குவதும் நின்றது. வருடங்கள் போயும் அப்படியே இருக்கிறது. தென்மேல் பருவமழை முடிந்ததும் ஒருமுறை அளந்து பார்க்கிறேன், கிரீஸைப் புதுப்பிக்கிறேன்.

அப்புறம், கூடுதலாக மாட்டவென்று விற்கிற எர்த்திங் கிட். கலர் கலராக ஐந்தாறு வயர்கள், சிலிண்டர் ஹெட், கியர்பொக்ஸ் என்று எல்லா இடத்துக்கும். பெற்றோல் மிச்சமாகும், இழுவை கூடும் என்பார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டாவில் அளந்து அளந்து பெற்றோல் அடித்த நமக்கு அந்தச் சொல் எவ்வளவு இனிக்கும்! பரீட்சித்துப் பார்க்கவே வாங்கி மாட்டினேன். மீற்றரும் அசையவில்லை, பெற்றோல் செலவும் அசையவில்லை. கணக்குப் போட்டாலே காரணம் விளங்கும். நல்ல நிலையிலுள்ள எர்த்தில் ஒரு மில்லிஓமைக் குறைத்தாலும், 40 அம்பியர் ஓடும்போது மிச்சமாவது 1.6 வோட் (watt). பார்க் லைட்டின் சின்ன பல்ப் ஒன்றே 5 வோட் எடுக்கும். ஓடும்போது கிலோவோட் கணக்கில் வேலை செய்யும் என்ஜினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். 0.2க்குள் இருந்தால் காசைச் செலவழிக்காதீர்கள். அதிகமாக இருந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றி நல்ல கேபிளாக எடுங்கள். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார்ட் ஆவதில் இதனால் எந்த மாற்றமும் வராது. அவற்றில் தனி ஸ்டாட்டரே இல்லை, என்ஜினைச் சுற்றுவது ஹைபிரிட் மோட்டர். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே வேண்டாம், அவை உயர் வோல்ட். இன்னொன்று, புதிய கார்கள் பலவற்றில் பற்றரியின் நெகட்டிவ் கிளாம்பிலேயே கரண்ட்டை அளக்கும் சென்சர் இருக்கும். கூடுதல் வயரை நேரே பற்றரிக் கம்பத்தில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சருக்குத் தெரியாமல் போகும், சார்ஜிங் கணக்கும் பிழைக்கும். அப்படிப்பட்ட காரில் புது வயரின் முனையை சென்சருக்கு அப்பால், பொடியில் இறுக்குங்கள்.