.308, .284, மேக்னம்: 1000 யார்டுக்கு எதைக் கட்டுவது?

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே பென் ஏவரி என்ற பெரிய சுடுதளம் இருக்கிறது. 1000 யார்டு, அதாவது 914 மீட்டர் வரை அங்கே சுடலாம். அங்கு நடக்கும் எஃப்-கிளாஸ் போட்டிகளுக்காகத்தான் உதிரி பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கனமான ரைஃபிளைக் கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தோட்டா. ஆக்‌ஷன் (தோட்டாவை உள்ளே பூட்டிச் சுடும் பொறி), பேரல் (குழல்), ஸ்டாக் (இவற்றைத் தாங்கும் கட்டை) எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. .308 வின்செஸ்டர், .284 வின்செஸ்டர், இல்லையென்றால் 7 மி.மீ., .300 அளவுகளில் வரும் மேக்னம் வகைகள், அதாவது கூட்டில் அதிக வெடிமருந்து கொள்ளும் தோட்டாக்கள், என்று மூன்று வழி இருந்தது. .308, .284 என்பவை குண்டின் விட்டம், அங்குலத்தில்; .284 என்றால் 7 மி.மீ.தான். நான் எடுத்தது .284. இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஃப்-கிளாஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. படுத்துக்கொண்டு, ஸ்கோப் வைத்து, ரைஃபிளுக்கு முட்டுக் கொடுத்துத் தூரத்து இலக்கைச் சுடும் போட்டி இது. இதில் இரண்டு பிரிவு. எஃப்-டிஆர் பிரிவில் .223 அல்லது .308 தோட்டா மட்டும்தான். பெரும்பாலோர் பைபாட் எனும் இரட்டைக்கால் தாங்கி மீது வைத்துச் சுடுவார்கள். ஸ்கோப்பும் பைபாடும் சேர்த்து ரைஃபிளின் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. எஃப்-ஓபன் பிரிவில் தோட்டாவுக்குப் பெரிதாகக் கட்டுப்பாடு இல்லை. ரைஃபிள் 10 கிலோ வரை இருக்கலாம், முன்பக்கம் ரெஸ்ட் எனும் கனமான தாங்கி வைத்துக்கொள்ளலாம். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 1000 யார்டில் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு வரும்.

.308 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1952-இலிருந்து சந்தையில் இருக்கும் தோட்டா. பித்தளைக் கூடு, குண்டு, வெடிமருந்து எல்லாம் எங்கும் கிடைக்கும். எஃப்-டிஆரில் சுடுவதென்றால் வேறு பேச்சே இல்லை. ஆனால் எஃப்-ஓபனில் .308-ஐக் கொண்டுபோய் நிறுத்தினால் காற்று சும்மா விடாது.

காற்றைப் பார்ப்போம். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். .308-இல் 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) குண்டு நொடிக்கு 2650 அடி வேகத்தில் கிளம்பினால் 1000 யார்டில் ஏறக்குறைய ஐந்தரை அடி தள்ளிப்போகும். .284-இல் 180 கிரெய்ன் குண்டு 2820 அடி வேகத்தில் கிளம்பினால் சுமார் நாலரை அடி. அதே 180 கிரெய்ன் குண்டை 7 மி.மீ. மேக்னத்தில் 3000 அடி வேகத்தில் அனுப்பினால் நாலு அடிக்குக் கொஞ்சம் மேல். குண்டின் வடிவம், வெப்பநிலை, கடல்மட்டத்திலிருந்து இடத்தின் உயரம் எல்லாம் மாறினால் இவையும் மாறும் என்பதால் தோராயக் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போக்கு தெளிவு. .308-இலிருந்து .284-க்கு மாறினால் கிட்டத்தட்ட ஒரு அடி லாபம். .284-இலிருந்து மேக்னத்துக்குப் போனால் அதில் பாதிகூடத் தேறுவது சந்தேகம். காற்றை மணிக்கு 2 மைல் தப்பாகக் கணித்தீர்கள் என்றால் .284-இல் குண்டு 11 அங்குலம் விலகும், மேக்னத்தில் 10. இரண்டுமே பத்துப் புள்ளி வட்டத்துக்கு வெளியேதான் போய் விழும். கொடியையும் கானலையும் பார்த்துக் காற்றைப் படிக்கத் தெரியாதவரை மேக்னம் காப்பாற்றாது.

மேக்னம் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணம் பேரலின் ஆயுள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதிதாக வருபவர்கள் பலர், பேரல் என்றால் ரைஃபிளோடு காலத்துக்கும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். வேட்டை ரைஃபிளில் அப்படி இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டா சுடுபவருக்கு அது பேரனுக்கும் போகும். போட்டியில் பேரல் என்பது தேய்ந்து தீரும் பொருள். சுடுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: .308 மூவாயிரம் சுடுகளுக்கு மேல் தாங்கும், நாலாயிரம் தாண்டிய பேரல்களும் உண்டு. .284 ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை. 7 மி.மீ. மேக்னம் வகைகள் ஆயிரத்தை ஒட்டி, சில அதற்கு முன்னாலேயே. எவ்வளவு மருந்து, எவ்வளவு வேகமாக அடுத்தடுத்துச் சுடுகிறோம், எந்தப் புள்ளியில் பேரல் தீர்ந்தது என்று ஒருவர் ஒத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து இதில் நிறைய வித்தியாசம் வரும்.

ஏன் இப்படி? மூன்றிலும் குழலின் துளை அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. .308-இன் துளைதான் சற்றுப் பெரியது. ஆனால் அந்தத் துளை வழியாகப் போகிற மருந்து கூடிக்கொண்டே போகிறது. சிறிய துளை, அதிக மருந்து என்றால் அவ்வளவு வெப்பமும் அழுத்தமும் ஒரே இடத்தில்தான் தாக்கும். தோட்டா அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிப்பள்ளம் தொடங்குகிற இடம் அது. த்ரோட் என்பார்கள். போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டால் கண்கூடாகப் பார்க்கலாம். புதுப் பேரலில் அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும், வரிப்பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும். சில நூறு சுடுகளில் சாம்பல் நிறத்தில் மங்கல் விழும். ஆயிரத்தை நெருங்கும்போது கோடையில் வெடித்த ஏரி மண்ணைப் போல உலோகம் கட்டம் கட்டமாக விரிசல் விட்டிருக்கும். விரிசல் அறைப் பக்கத்தில்தான் அடர்த்தி. வாய்ப்பக்கம் போகப் போகக் குறைந்து, நடுக் குழலைத் தாண்டினால் பேரல் புதுசு மாதிரியே இருக்கும். 30 அங்குலப் பேரலில் தீர்ந்துபோனது சில அங்குலம்தான், ஆனாலும் மொத்தத்தையும் மாற்றியாக வேண்டும்.

த்ரோட் தேயும்போது வரிப்பள்ளத்தின் தொடக்கம் முன்னே நகர்ந்துகொண்டே போகும். குண்டு வரிப்பள்ளத்தைத் தொடுவதற்கு முன் தாண்ட வேண்டிய இடைவெளி கூடும். அதனால் சில நூறு சுடுகளுக்கு ஒரு முறை அளந்து பார்த்து, குண்டைக் கூட்டில் கொஞ்சம் வெளியே தள்ளிப் பொருத்த வேண்டும். .284-இல் இது நிதானமாக நடக்கிறது. ஒரு சீசன் முழுக்கச் சின்னச் சின்னத் திருத்தத்தில் ஓட்டிவிடலாம். மேக்னத்தில் இந்த ஓட்டம் வேகம். கடைசிக் காலத்தில் கிளம்பும் வேகம் சுடுக்குச் சுடு மாற ஆரம்பிக்கும். 1000 யார்டில் நொடிக்கு 10 அடி வேக வித்தியாசம் இரண்டு முதல் மூன்று அங்குலம் மேலேயோ கீழேயோ இழுக்கும். எக்ஸ் வட்டமே ஐந்து அங்குலம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

பணக் கணக்கும் இருக்கிறது. நல்ல கம்பெனியின் வெற்றுப் பேரலும், கன்ஸ்மித் அதில் அறை வெட்டிப் பொருத்தும் கூலியும் சேர்ந்து தோராயமாக 800 டாலர் என்று வையுங்கள். மேக்னத்தில் ஆயிரம் சுடு என்றால் ஒவ்வொரு சுடுக்கும் பேரல் மட்டும் 80 சென்ட் தின்னும். .284-இல் இரண்டாயிரம் என்றால் 40 சென்ட். .308-இல் மூவாயிரத்து ஐந்நூறு என்றால் 23 சென்ட். இது குண்டும் மருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் சேராத கணக்கு.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது நேரம். பேரல் கம்பெனியில் ஆர்டர் கொடுத்தால் காத்திருக்க வேண்டும், அப்புறம் கன்ஸ்மித் வரிசையிலும் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அந்தப் பேரலுக்குப் பிடித்த மருந்து அளவையும் குண்டு ஆழத்தையும் மறுபடி தேட வேண்டும். அந்தத் தேடலிலேயே நூறு, இருநூறு சுடு போய்விடும். 1000 யார்டில் ஒரு சுற்றுக்கு 20 புள்ளிச் சுடு, அதற்கு முன் சரிபார்க்கும் சுடுகள் வேறு. பிப்ரவரியில் பென் ஏவரியில் நடக்கும் பெர்கர் சவுத்வெஸ்ட் நேஷனல்ஸ் போன்ற பல நாள் போட்டி என்றால் நூற்றுக்கணக்கில் போகும். மேக்னம் வைத்திருப்பவர் ஒரு சீசன் நடுவிலேயே இந்தப் பேரல் அடுத்த போட்டிவரை தாங்குமா என்ற கணக்கில் இறங்கிவிடுகிறார். பயிற்சிக்குச் சுடுவதையே குறைக்கிறார். காற்றைப் படிக்கும் திறமை சுட்டுச் சுட்டுத்தான் வரும். பேரலை மிச்சம் பிடிக்கச் சுடாமல் இருந்தால் அந்தத் திறமைதான் அடிபடும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் தளத்துக்கு வருபவர்களிடம் .284-உம் அதன் உறவுத் தோட்டாக்களும் அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

.284-க்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. 1963-இல் வின்செஸ்டர் இதைக் கொண்டுவந்தபோது, குட்டையான ஆக்‌ஷன் கொண்ட தன் மாடல் 88, மாடல் 100 ரைஃபிள்களில் நீளமான தோட்டாக்களின் சக்தியைத் தருவதுதான் நோக்கம். அதனால் கூட்டின் உடலைத் தடிமனாக்கி, அடிவிளிம்பை மட்டும் .308-இன் அளவிலேயே, 0.473 அங்குலத்தில், விட்டுவிட்டார்கள். ஆக, .308-க்குப் போட்ட போல்ட்டே (கூட்டின் அடிவிளிம்பைப் பிடித்துப் பூட்டும் உருளை) .284-க்கும் பொருந்தும். ஒரே ஆக்‌ஷனில் பேரலை மட்டும் மாற்றி இரண்டையும் சுடலாம். மேக்னத்தின் விளிம்பு 0.53 அங்குலத்தைத் தாண்டும். அதற்கு வேறு போல்ட் வேண்டும், பலர் தனி ஆக்‌ஷனே வாங்குகிறார்கள்.

உதைப்பு விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. நண்பர் ஒருவரின் 7 மி.மீ. மேக்னத்தைக் கொஞ்சம் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். 10 கிலோ ரைஃபிளில் தோள் வலிக்கிற அளவுக்கெல்லாம் உதைப்பதில்லை. ஆனால் எஃப்-கிளாஸில், உதைப்பைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டும் மஸில் பிரேக் போட அனுமதி இல்லை. .284 ரெஸ்ட்டில் நேர்கோட்டில் பின்னால் வழுக்கிவந்து நிற்கும்; லேசாக முன்னே தள்ளினால் குறி பழைய இடத்துக்கு வந்துவிடும். மேக்னம் பின்னால் வரும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சுடுக்கும் பின்பக்க மணல்பையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பழகினால் இது ஒரு பிரச்சினையே இல்லை என்று அவர் சொல்கிறார். அதை மறுக்க எனக்குப் போதுமான அனுபவம் இல்லை.

கட்டும்போது கவனிக்க வேண்டியது எடைதான். 1.25 அங்குலத் தடிமனில், வாய்வரை ஒரே அளவாகப் போகும் 30 அங்குலப் பேரல் மட்டுமே நாலரை கிலோவைத் தொடும். மொத்த வரம்பில் கிட்டத்தட்டப் பாதி அதற்கே போய்விடும். மீதியில்தான் ஆக்‌ஷன், ஸ்டாக், ட்ரிகர், ஸ்கோப். அதனால் முதலில் ஸ்கோப்பையும் மவுண்ட்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, பேரலின் நீளத்தையும் வடிவத்தையும் கடைசியாக முடிவு செய்யுங்கள். ஸ்டாக்கின் முன்பகுதி 76 மி.மீ.க்கு மேல் அகலம் இருக்கக் கூடாது. அடிப்பக்கம் எவ்வளவு தட்டையாக, குழலுக்கு எவ்வளவு இணையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ரைஃபிள் நேராக வழுக்கும். இதில் செலவழிக்கும் காசு வீணாகாது. பேரல் தீர்ந்தாலும் ஸ்டாக் தீராது.

மேக்னம் ஜெயிக்கிற இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2013 உலகப் போட்டி நடந்த நியூ மெக்ஸிகோவின் ரேட்டன் மாதிரி காற்று முரட்டுத்தனமாக அடிக்கும் தளங்களில், ஒரு அங்குலமும் முக்கியம் என்று சுடுபவர்களுக்கு அந்த நாலைந்து அங்குல லாபம் பெரியது. ஆண்டுக்கு இரண்டு பேரலுக்குத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக மேக்னத்துக்குப் போகலாம். 1000 யார்டைத் தாண்டிச் சுடுவதுதான் நோக்கம் என்றாலும் கணக்கு மாறும். அந்தத் தூரத்தில் என் அனுபவம் போதாது. 600 யார்டோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு 6 மி.மீ. தோட்டாக்களே போதும், இந்தப் பேச்சே தேவையில்லை.

இப்போது புதிதாகக் கட்டப்போகிறவர் கேட்டால் நான் சொல்வது: 0.473 போல்ட் உள்ள நல்ல ஆக்‌ஷன் ஒன்றை வாங்குங்கள். முதல் பேரலை .308-இல் போட்டு, மலிவாகச் சுட்டுக் காற்றைப் பழகுங்கள். அது தீர்வதற்குள் .284-க்கு ஒரே கம்பெனியிடம், வரிப்பள்ளத்தின் முறுக்கு ஒரே அளவில் இருக்கும்படி, இரண்டு பேரல் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ரீமரால் அறை வெட்டச் சொல்லுங்கள். முதல் பேரல் தேய்ந்து வேகம் தடுமாறத் தொடங்கும் அன்றைக்கு இரண்டாவது அலமாரியில் தயாராக இருக்கும், பழைய மருந்து அளவுக்குப் பக்கத்திலேயே தேடலைத் தொடங்கலாம்.