ஓபிடி ஸ்கேனர்: அழிப்பதற்கு முன்னால் படியுங்கள்

ஓபிடி ஸ்கேனர் என்பது கார் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, புளூடூத்தில் போனோடு இணைக்கும் மலிவான இஎல்எம்327 (இவ்வகை ஸ்கேனர்களில் இருக்கும் சிப்) நகல்தான் என்னிடம் இருப்பது. சில வருடங்களாக வைத்திருக்கிறேன். போன வாரம் செக் எஞ்சின் லைட் எரிந்து, வேலை முடிந்த கையோடு எழுதுகிறேன்.

முதலில் ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் செய்கிற முதல் வேலை, கம்ப்யூட்டர் பதிந்த எரர் கோடை, அதாவது கோளாறுக்கான குறியீட்டை, அழிப்பது. "லைட் போயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க." லைட்டோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடுகிறது. கோடு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த பதிவு அது. நோயைக் கண்டுபிடிக்க உதவுவதே அதுதான். அதைப் பார்க்காமல் அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டே நாளில் லைட் திரும்ப வந்தது. கோடு பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொன்னார்கள். இந்தக் கோடு எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்வதில்லையே! வீட்டில் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தேன். வேகம் 0, எஞ்சின் நல்ல சூடு, ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலை. அப்புறம் ஃபியூயல் ட்ரிம்மைப் பார்த்தேன். கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. ஐடிலிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது, 2,500 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்துவிட்டது. வேக்குவம் கசிவு, அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று நுழைவது, இப்படித்தான் காட்டும். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வளைவின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரலால் அழுத்தியதும் வாய் பிளந்தது. ஹோஸை மாற்றியதோடு சரி, சென்சரைத் தொடவே இல்லை.

இந்த ஒரு வேலைக்கே கருவிக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமான 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் வைத்திருப்பவர்கள் ஃப்ரீஸ் ஃப்ரேம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே கருவியை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ட்ரிம் எண்களைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை என் காரில் இது படிப்பதே இல்லை. வண்டியை நிறுத்தினாலும் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், மறக்காமல் கழற்ற வேண்டும். கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாகவே வாங்குங்கள்.