உப்புக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் அசையாத நீள இலைச் செடிகள்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு என்று வேதாரண்யம் வரை கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி ஊத்த ஆள் இல்லைங்க, வாசல்ல என்ன வைக்கலாம்?" பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கொல்லையில் தென்னைகள் சாய்ந்தன. அடுத்த வருஷம் அந்த இடத்திலும் வாசலிலும் வைத்த நீள இலைச் செடிகளை இன்றுவரை கவனித்து வருகிறேன். எது தேறியது, எது தேறவில்லை என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நம் மண்ணைப் பற்றி. தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டல் இங்கே கிடையாது, வெறும் மணல். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். கொண்டல் என்ற கிழக்குக் காற்று அடித்தால் இலையெல்லாம் உப்புப் படிந்துவிடும். அதே மண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதனால் 'வறட்சி தாங்கும்' என்று சொல்லி விற்கும் செடியை அந்த ஒரு சொல்லை நம்பி வாங்கக் கூடாது. இங்கே கோடையில் சாகும் செடிகளை விட அடைமழையில் அழுகிச் சாகும் செடிகள்தான் அதிகம்.

என் தோட்டத்தில் முதலிடம் விஷமூங்கிலுக்கு. நர்சரியில் கிரைனம் லில்லி என்று கேட்டால் தருவார்கள். கடற்கரை மணலில் தானாகவே வளரும் செடி இது. இலை ஒரு மீட்டர் நீளம் வரை போகும். தடிமனாக, மேலே மெழுகு பூசிய பளபளப்போடு இருக்கும். அந்த மெழுகுதான் உப்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. வைத்த முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினேன். பிறகு அதன் பக்கம் குடம் எடுத்துப் போனதே இல்லை. பங்குனி வெயிலில் வெளி இலைகளின் நுனி கருகும். அவற்றை அடியோடு அறுத்துவிட்டால் போதும், நடுக்குருத்து பச்சையாகவே வந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் சில நாள் நின்றும் கிழங்கு அழுகவில்லை.

பொழுது சாயும்போது பூ விரியும். ஒரே தண்டின் உச்சியில் கொத்தாக வெள்ளைப் பூக்கள். இதழ் நாடா மாதிரி ஒடுங்கி இருக்கும், மகரந்தக் காம்புகள் கருஞ்சிவப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் நல்ல மணம். விதை நெல்லிக்காயை விடப் பெரிது, பஞ்சு போன்ற தோல். கடலில் விழுந்தாலும் மிதந்து எங்காவது கரை சேர்ந்து முளைக்கும். ஒருமுறை திண்ணையில் எடுத்து வைத்த விதை மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே முளை விட்டதைப் பார்த்தேன். அதனால் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. செடி வைத்திருக்கும் வீட்டில் ஒரு விதையோ பக்கக்கன்றோ கேளுங்கள், கொடுப்பார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிழங்கு வெங்காயம் போலத் தெரிந்தாலும் நஞ்சு. லைகோரின் என்ற பொருள் அதில் இருக்கிறது. தின்றால் வாந்தி பிடுங்கும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டு அறுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தோண்டிய கிழங்கைக் கீழே போட்டு வைக்காதீர்கள். அந்த நஞ்சினால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. வேலி இல்லாத வாசலில்கூட ஆடு இதில் வாய் வைப்பதில்லை. செம்பருத்தியை ஆட்டுக்குக் கொடுத்து அலுத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இதற்கு உள்ள பெரிய எதிரி லில்லிப் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, இடையிடையே சிவப்பு. மழை முடிந்த ஈரத்தில் பார்க்கலாம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள். கூட்டமாக இருந்தால் இலையை அரித்துக்கொண்டே குருத்து வரை இறங்கிவிடும். சின்னதாக இருக்கும்போதே இலையோடு அறுத்து சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் சரியான வழி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயந்தரம் தெளிக்கலாம். ஆனால் புழு பெருத்த பிறகு அது பெரிதாகப் பலன் தருவதில்லை. முழுக்கத் தின்றுவிட்டாலும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். கிழங்கு கெட்டியாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

அடுத்தது ஸ்பைடர் லில்லி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றாலும் நம் ஊர்ப் பள்ளிக்கூடம், கோயில் வாசல் எல்லாவற்றிலும் பார்க்கலாம். குழாயடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடம், கூரைத் தண்ணீர் விழும் ஓரம், இங்கெல்லாம் இதைத்தான் வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் இன்னும் கொழிக்கும். நெருங்கிவிட்டால் பூ குறையும். அப்போது பிரித்து நட வேண்டும். லில்லிப் புழு இதையும் விடாது.

மருள் எங்கே வைத்தாலும் தாங்கும் என்று நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். தொட்டியில் வைக்கும் ஸ்நேக் பிளான்ட்டின் உறவு அது; நாட்டு மருள் நம் கிழக்குக் கரையில் தானாகவே வளர்வது, அதன் நாரில் வில்லுக்கு நாண் முறுக்கியிருக்கிறார்கள். இரண்டுமே பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கும், அதனால் தண்ணீர் செலவு மிகக் குறைவு. ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. அடி கொழகொழத்து இலை கையோடு வந்துவிடும். மணலும் உடைத்த ஓடும் கலந்து ஒரு முழம் மேடு கட்டி வைத்தவை நன்றாக இருக்கின்றன. கார்த்திகையில் கூரை ஒழுகல் படாத இடமாகப் பாருங்கள்.

ஓரத்துக்கு மழை லில்லி போதும். கோடையில் இலை மெலிந்து காணாமல் போன மாதிரி இருக்கும், முதல் மழை பெய்த சில நாளில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்துவிடும். நீலப் பூங்கொத்து விடும் அகபாந்தஸ் வேண்டவே வேண்டாம்; ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பார்த்து ஆசைப்படாதீர்கள். தாழை கடற்கரைக்கு ஏற்றதுதான், ஆனால் இலை ஓரமெல்லாம் முள். வீட்டு வாசலுக்கு ஆகாது, கொல்லைக் கடைசியில் வேலியாக வையுங்கள்.

நடுவதற்கு இரண்டு காலம் உண்டு. பலர் ஆடியில் நடுகிறார்கள். நான் தை, மாசியைத்தான் சொல்வேன். மழை வடிந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், உப்பும் மழையில் கழுவிப் போயிருக்கும். வேர் பிடிக்க வெயிலுக்கு முன்னால் இரண்டு மாதம் கிடைக்கும். குழியில் மக்கிய தொழு உரம் ஒரு கூடை, மேலே தென்னை மட்டைச் சருகு மூடாக்கு. விஷமூங்கிலின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், முழுக்கப் புதைக்கக் கூடாது. செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். நட்டபோது வெறிச்சென்று தெரிந்தாலும் இரண்டாம் வருஷத்திலேயே இடைவெளி நிரம்பிவிடும்.