பிரித்துப் பார்க்கும் இதய மாதிரி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பெங்களூரு அவென்யூ சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பள்ளி ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் சிறிய கடையில் இந்த இதய மாதிரியை 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். இயல்பான இதயத்தைப் போல இருமடங்கு அளவில், கெட்டியான பிளாஸ்டிக்கில், காந்தங்களால் ஒட்டிக்கொள்ளும் நான்கு துண்டுகளாக இதைச் செய்திருக்கிறார்கள். அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காக என்றுதான் கடைக்காரரிடம் சொன்னேன். உண்மையில் என் அம்மாவுக்காகவே வாங்கினேன். அவருடைய இதயத்தில் இடமேலறைக்கும் இடக்கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு குறுகிவிட்டது என்றும், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி பலூன் கொண்டு அதை விரிக்க வேண்டும் என்றும் மருத்துவர் தாளில் வரைந்து விளக்கியிருந்தார். அங்கே தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அம்மா, வீட்டுக்கு வந்ததும், "தொடையில விட்டா நெஞ்சுக்கு எப்படி கண்ணு போகும்?" என்று கேட்டார்.

இந்த மாதிரியில் மிக நன்றாக அமைந்திருப்பது கீழறைகளின் சுவர். முன்பக்கத் துண்டைக் கழற்றினால், பாடநூல்கள் வென்ட்ரிக்கிள் என்று சொல்லும் கீழறைகள் இரண்டும் வெட்டுமுகமாகத் தெரிகின்றன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு முதலில் வலப்பக்கச் சுவரையும் பிறகு இடப்பக்கச் சுவரையும் பிடித்துப் பார்க்கச் சொன்னால், இடப்பக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். உயிருள்ள இதயத்திலும் விகிதம் அப்படித்தான். வலக்கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பினால் போதும். அங்கே உச்ச அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசம் அளவே ஆகிறது. இடக்கீழறையோ உச்சந்தலை முதல் கால் விரல் வரை அனுப்ப வேண்டியிருப்பதால் 120 வரை அழுத்தத்தை உண்டாக்குகிறது. தடித்த பக்கம்தான் அதிக இரத்தத்தைத் தள்ளும் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் என்று ஒரே அளவைத்தான் தள்ளுகின்றன, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால் ஒவ்வொரு பக்கமும் 5 லிட்டர் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, ஒரு பக்கம் தொடர்ந்து சில துளிகள் கூடுதலாகத் தள்ளினாலும் மறுபக்கத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர்களே எழுப்புகிறார்கள். படத்தை வைத்து நடத்திய ஆண்டுகளில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுந்ததில்லை.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்காகும்போது பருமன் எட்டு மடங்காகிவிடும். ஆகவே இதைக் கையில் வாங்கும் பிள்ளை, நெஞ்சுக்குள் ஒரு பூசணிக்காய் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் அவரவர் கைமுட்டியை மாதிரியின் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்கிறேன். வளர்ந்தவரின் இதயம் அந்த அளவுதான், 300 கிராம் அளவே எடை.

பெரிய குறை, உடன் தரும் விளக்கச் சிறுநூலில் இருக்கிறது. மாதிரியில் வண்ணங்கள் சரியாக உள்ளன: நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரைகள் நான்கும் சிவப்பு. ஆனால் சிறுநூலில் இவ்விரண்டின் பெயர்களும் எண்களுக்கு எதிரே இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்த யாரோ ஒருவர், நீலத்தைக் கண்டதும் சிரை என்று எழுதிவிட்டார் போலும். தேர்வில் பிள்ளைகள் மிகுதியாகத் தவறவிடும் இடம் இதுவே என்பதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்கு வந்து சேர்வது சிரை. பெயர் போகும் திசையைப் பொறுத்தது, உள்ளே ஓடும் இரத்தத்தின் தன்மையைப் பொறுத்தது அன்று. உயிர்வளி குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோவதால்தான் அந்த ஒரு தமனிக்கு மட்டும் நீலம் பூசுகிறார்கள். அந்தச் சிறுநூலை எடுத்து வைத்துவிட்டு, 34 எண்களுக்கும் நானே தமிழில் ஓர் அட்டை எழுதிக்கொண்டேன்.

வால்வுகளில் எனக்கு மனக்குறை உண்டு. நான்கு வால்வுகளையும் மூடிய நிலையில் வார்த்திருக்கிறார்கள். ஒரு துடிப்புக்கு 0.8 நொடி என்றால், அதில் நான்கும் ஒருசேர மூடியிருப்பது மிகச் சிறிய இடைவேளைகளில்தான். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வும் ஈரிதழ் வால்வும் 'லப்' என்று மூடிக்கொண்ட பிறகு, பெருந்தமனியின் வாயிலும் நுரையீரல் தமனியின் வாயிலும் உள்ள அரைச்சந்திர வால்வுகள் இன்னும் திறவாமல் இருக்கும், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் அவற்றுள் ஒன்று. கீழறை தசையை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும், ஒரு துளியும் அந்நேரம் வெளியேறாது. இதைத் தெரிந்துகொண்டு காட்டினால் அழகான பாடம். தெரியாமல் காட்டினால், வால்வு என்பது எப்போதும் மூடிய கதவு என்று பிள்ளை எண்ணிவிடும்.

இதைவிட வருத்தமளிப்பது, ஈரிதழ் வால்வின் விளிம்பிலிருந்து கீழறைத் தசைமேடுகளுக்கு இறங்கும் நாண்களை வெறும் வெள்ளைக் கோடுகளாகத் தீட்டியிருப்பதுதான். கீழறை சுருங்கும்போது இதழ்கள் பின்னோக்கி மேலறைக்குள் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை அந்த நாண்கள். அவை இல்லாமல் அம்மாவின் நோயைச் சொல்லவே முடியாது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டுகள் வீங்கிப் படுத்தாராம். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படை தன் வால்வையே தாக்கிவிடும் வாதக்காய்ச்சல் அது. பல ஆண்டுகளில் இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாண்கள் தடித்துக் குட்டையாகிவிடும். பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் திறக்க வேண்டிய வாய், அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் அளவே திறந்தது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறியதால்தான் படியேறும்போது மூச்சு வாங்கியது. இவ்வளவையும் கேட்டுவிட்டு, "கோடு போட்டா எப்படி இழுக்கும்?" என்று சொல்லி, பூக்கட்டும் நூலை எடுத்து வந்து, இதழ் ஓரத்திலிருந்து தசைமேடு வரை ஐந்தாறு இழைகளை அம்மாவே இழுத்துக் கொடுத்தார், நான் பசை வைத்து ஒட்டினேன். நான்கு மாதமாக அவை அப்படியே நிற்கின்றன.

இதயத்தின் மின்பாதையை இதில் காட்டவே இல்லை. வலமேலறையில் உள்ள சைனஸ் கணுவில் துடிப்பு பிறந்து, இடையிலுள்ள இன்னொரு கணுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து, அதற்குள் மேலறைகள் இரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க வழிவிடுவது இதயத்தின் பெரிய நுட்பங்களுள் ஒன்று. இரண்டு மஞ்சள் புள்ளிகள் வைத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் வலமேலறையின் சுவரைத் தனித் துண்டாகக் கழற்றும்படி செய்தவருக்கு நான் நன்றி சொல்வேன். அதைக் கழற்றினால், மேலறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பில் கட்டைவிரல் பதிந்தது போன்ற ஒரு குழி தெரிகிறது. விலை குறைந்த மாதிரிகளில் இந்தக் குழியை நான் பார்த்ததில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கீழ்ப்பெருஞ்சிரையின் வாய் வழியாக மேலே செலுத்தி, அம்மாவின் கேள்விக்கு விடை காட்டினேன். தொடைச் சிரை வயிற்றுக்குள் ஏறிக் கீழ்ப்பெருஞ்சிரையோடு சேர்கிறது. அது நேராக வலமேலறைக்குள் திறக்கிறது. அங்கிருந்து தடுப்பின் மிக மெல்லிய இடமான இந்தக் குழியைத் துளைத்தால் இடமேலறை. அதற்குக் கீழே குறுகிய வால்வு. 1982-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே, நெஞ்சைத் திறக்காமல் இவ்வழியாகப் பலூனைக் கொண்டுபோய் வால்வை விரித்துக் காட்டினார். குழி எப்படி வந்தது என்று அம்மா கேட்டார். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லாததால் இரத்தம் அங்கே செல்லாமல் நேரே இடப்பக்கம் கடக்க இருந்த வாசல் அது என்றும், பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் அது சாத்திக்கொள்கிறது என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீ வயித்துல இருந்தப்ப உனக்கும் இது தொறந்துதான் இருந்திருக்கு" என்றார். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டது அன்றிரவுதான்.

உறுதியைப் பொறுத்தவரை, ஒரு காந்தம் இரண்டாம் மாதத்தில் பெயர்ந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரே வாரத்தில் மாற்றித் தந்தார். சிறுநூலின் பிழையைச் சொன்னபோது குறித்துக்கொண்டார், திருத்திய நூல் இன்னும் வரவில்லை. மேற்பரப்பில் ஓடும் கரோனரித் தமனிகளின் சிவப்பு, பிள்ளைகளின் கை பட்டு மங்கத் தொடங்கியிருக்கிறது. படித்துக் காட்ட ஒருவர் உடன் இருக்கும் வீட்டுக்கும் வகுப்புக்கும் இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். தானாகப் படிக்கும் மாணவருக்கு அந்தச் சிறுநூலோடு கொடுக்க வேண்டாம். சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகிறது. இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஈர்க்குச்சியைச் செலுத்திக் காட்டும் பகுதியை, மாடிப்படி ஏறி வந்து, அம்மாதான் எடுக்கிறார்.