பகலில் தூங்குகிறவளுக்கு பிங்க் நாய்ஸ்: 16 மாத அனுபவம்

காலை பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் பழைய இரும்பு எடுக்கிற வண்டி வரும். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகும். ஊருக்கு அது பத்தரை மணி, எனக்கு நடுராத்திரி. வேலை மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை (சார்ட்) படித்து அதற்குரிய குறியீட்டு எண்களைப் போடுவது. நைட் ஷிப்ட். வீடு கொளத்தூரில், இரண்டாவது மாடி. காலை எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரையாவது தூங்க வேண்டும். ஆனால் குக்கர் விசில், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம், கீரைக்காரம்மா, அப்புறம் இந்த வண்டி என்று நான்கைந்து தடவை விழிப்பு வந்துவிடும். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. தலைவலி தீரவே இல்லை. வீட்டில் யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு சீசனுக்குக் குற்றாலம் போனபோதுதான் வழி கிடைத்தது. ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு அறை. வெளியே கூட்டமும் வண்டிகளும் ஓயவே இல்லை. ஆனாலும் பகலில் படுத்தவள் ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கினேன். அருவி இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒன்றைத் தேடியபோது பிங்க் நாய்ஸ் என்ற பெயர் தெரிய வந்தது.

கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் போடுகிற என் மாமா பையனிடம் இதைச் சொன்னதும், "அக்கா, இதைப் போட்டுத்தானே நாங்க ஸ்பீக்கர் டியூன் பண்ணுவோம்" என்றான். அவன் விளக்கியது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஒரு ஸ்தாயி ஏறினால், அதாவது 'ச'விலிருந்து மேல் 'ச'வுக்குப் போனால், அதிர்வெண் இரட்டிப்பாகும். வொயிட் நாய்ஸில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் ஒரே அளவு சக்தி இருப்பதால், மேல் ஸ்தாயிகளில் சக்தி குவிந்துகொண்டே போகும். பழைய டிவியில் சேனல் போனால் வருமே, அந்த 'ஸ்ஸ்ஸ்' அதனால்தான். பிங்க் நாய்ஸில் மந்தரம், மத்திமம், தாரம் எல்லாவற்றுக்கும் சமமான பங்கு. மேலே போகப் போக ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் உள்ள சக்தி, ஸ்தாயிக்கு 3 டெசிபல் வீதம் குறைந்துகொண்டே போவதால் அப்படி அமைகிறது. கேட்பதற்கு விடாமல் பெய்கிற மழை மாதிரி இருக்கும். பிரவுன் நாய்ஸ் என்று இன்னொரு வகை, அதில் ஸ்தாயிக்கு 6 டெசிபல் குறையும். அதையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். லாரி தூரத்தில் உறுமுகிற மாதிரி இருந்தது, எனக்கு ஒத்துவரவில்லை.

ஆரம்பத்தில் வீடியோ தளத்தில் எட்டு மணி நேர ஒலி ஒன்றைப் போட்டேன். மூன்றாம் நாள் நல்ல தூக்கத்தில் ஒரு விளம்பரம் அலறியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதில் அன்றைக்கு மறுபடி தூக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு செயலியை இறக்கினேன். அதில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலி முடிந்து திரும்பத் தொடங்கும்போது 'டக்' என்று ஒரு சின்ன வெட்டு. ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடம் மனசு அதற்காகவே காத்திருக்கும். கடைசியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எட்டு மணி நேரக் கோப்பை நானே உருவாக்கி போனில் ஏற்றிக்கொண்டேன். அதில் 'ஜெனரேட்' பகுதியில் பிங்க் நாய்ஸ் தயாராகவே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இன்றுவரை அதே கோப்புதான்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். அதில் கீழ் ஸ்தாயி வராது, வெறும் சீறல்தான் மிஞ்சும். நான் நடுத்தர புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். தலைமாட்டில் வைத்ததைவிட, சத்தம் உள்ளே வருகிற ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தபோது பாதி ஒலியிலேயே வேலை நடந்தது. தலையணையருகில் போன் செயலியால் அளந்தால் 45 டெசிபல் பக்கம் காட்டுகிறது. இயர்போனில் கேட்டபடி தூங்கிய இரண்டு வாரத்தில் காது வலிதான் கண்ட பலன்.

இது தூக்கத்தை வரவழைக்கிற மருந்து இல்லை. படுத்ததும் தூக்கம் பிடிக்க எனக்கு முன்பும் இருபது நிமிடம் ஆகும், இப்போதும் அதே இருபது நிமிடம்தான். மாறியது என்னவென்றால், இடையில் விழிப்பது குறைந்துவிட்டது. நிசப்தமான அறையில் ஒரு குக்கர் விசில் ஊசி மாதிரி குத்தும். ஏற்கெனவே இரைச்சல் நிரம்பிய அறையில் அதே விசில் அவ்வளவு துருத்திக்கொண்டு தெரியாது. இரும்பு வண்டிக்காரர் குரல் இப்போதும் வரத்தான் செய்கிறது, ஆனால் சொற்கள் கரைந்துவிடுகின்றன. சொல் புரிந்தால்தான் மனசு அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பறைக்கும் பக்கத்து மனையில் கிரானைட் அறுக்கிறதற்கும் மட்டும் இது தாங்காது. அந்த நாட்களில் ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், தலைவலி கூடியது. இப்போது பேசாமல் அம்மா அறைக்குப் போய்விடுகிறேன்.

கவனத்துக்கு என்றால் பாதிக்குப் பாதி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில், ஹாலில் பேச்சு கேட்டாலும் சார்ட்டைப் படித்துக் கோட் போடுகிற வேலை தடையில்லாமல் போகிறது. புதிதாக எதையாவது படித்து மனதில் ஏற்ற வேண்டும் என்றால் நிறுத்திவிடுவேன், அதற்கு அமைதிதான் சரி. சும்மா சாய்ந்து இளைப்பாற இது எனக்கு உதவவில்லை. அதற்குப் பாட்டு இருக்கிறது.

ஞாபக சக்தி கூடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 13 பேர், 60 முதல் 84 வயது வரை. அவர்களுக்கு இரவு முழுக்க மழை மாதிரி ஒலி விடவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் எழும் மெதுவான அலைகளைக் கருவி கவனித்து, அலையோடு பொருந்துகிற நேரம் பார்த்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒலியைக் கொடுத்தார்கள். நம் ஸ்பீக்கருக்கு அந்த வேலை தெரியாது. அந்த ஆசையில் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

என் தங்கை கைக்குழந்தைக்குப் போடலாமா என்று கேட்டாள். குழந்தைகளைத் தூங்கவைக்கும் ஒலிக் கருவிகள் 14ஐ முழு ஒலியில் வைத்து அளந்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் அத்தனையும் 50 டெசிபலைத் தாண்டின, மூன்று கருவிகள் 85ஐயே தாண்டின. தொட்டில் பக்கத்தில் வைக்காதே, குழந்தை மருத்துவரைக் கேட்காமல் போடவே போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பழகிவிடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஸ்பீக்கரை எடுத்துப் போகவில்லை. முதல் நாள் புரண்டு புரண்டு படுத்தேன், இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு லீவு நாட்களில் போடுவதில்லை.

வீட்டிலும் எல்லோருக்கும் பழகிவிட்டது. முன்பெல்லாம் நான் தூங்குகிறேனா என்று பார்க்க அம்மா கதவைத் திறப்பார், அந்தக் கிறீச்சிலேயே விழித்துவிடுவேன். இப்போது கதவருகில் வந்து காது கொடுத்துக் கேட்கிறார். உள்ளே அருவி ஓடினால் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் குழம்பை முதலில் கூட்டுகிறார்.